தபாலில் வந்த லாப் ஸ்டீல் பெட்டியும் பாப்பாரப்பட்டி வேங்கை நிலையும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அவசரமுள்ளவர்கள் அத்துடன் கிளம்பிவிடலாம். ‘நீங்களே செய்துகொள்ளும் லாப் ஸ்டீல் கிட்டார்’ என்ற பெயரில் (மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார் அது) 4,650 ரூபாய்க்குத் தபாலில் வந்த பெட்டியில் உருப்படியான சாமான்கள் இரண்டு: தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்அப், தந்தியை முறுக்கும் ஆறு பிருடைகள். மற்றவற்றில் பாதி வேறு வாத்தியத்துக்கு உரியவை, மீதி எந்த வாத்தியத்துக்கும் ஆகாதவை. வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். விற்றவர் பெயரை எழுதவில்லை. பெட்டியின் மேல் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர், எதைத் திட்டுவது?

நான் தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகளாக வீணை சொல்லித்தருகிறேன். கிட்டார் பக்கம் போனதற்குக் காரணம் அப்பா. எழுபதுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தவர். சாதாரண மரக் கிட்டாரில் தந்திகளை உயர்த்திக் கட்டி, மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் இழைத்து வாசிப்பார். வான் ஷிப்லி, சுனில் கங்கூலி இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவர். பரணில் கிடந்த அந்தக் கிட்டாரைக் கரையான் தின்று முடித்தபோது எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அவருக்கு இப்போது 81 வயது. போன வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் கரண்டியை வைத்து இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அந்த வாரமே பெட்டிக்குப் பணம் கட்டினேன்.

வீணைக்காரர்களுக்கு லாப் ஸ்டீலைப் புரியவைப்பது சுலபம். கோட்டுவாத்தியத்தின் தூரத்து உறவினர் அது. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மேளமே, அதாவது சுரத்தைக் காட்டும் மெட்டே, இல்லாத வீணையின் மேல் உருளைக் கட்டையை இழைத்துக் கொண்டுவந்த அதே வழுக்கல், ஹவாய்த் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டாரின் மேல் பிறந்தது. ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளி மாணவர் ரயில் பாதையில் கிடந்த போல்ட்டை எடுத்துத் தந்தியில் இழைத்துப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். 1932இல் கடைக்கு வந்த ரிக்கன்பாக்கர் எலெக்ட்ரிக் கிட்டாரும் மடியில் வைத்து வாசிப்பதுதான். வட்ட உடலும் நீண்ட பிடியுமாக அலுமினியத்தில் வார்த்தது, பட்டப்பெயர் ‘வாணலி’. 1940களில் டௌ மோ என்ற ஹவாய்க்காரர் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். பிற்பாடு பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடையில் ஏற்றினார். இதெல்லாம் அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொன்னவை. நான் சரிபார்த்துக்கொண்டேன், அவருக்குத் தெரியாமல்.

விரல் தந்தியை அழுத்துவதே இல்லை என்பதால் இதற்கு உள்ளங்கைக்குப் பொருந்தும் கழுத்து வேண்டாம், குடம் வேண்டாம், யாளி முகம் வேண்டாம். கனமான ஒரு பலகை போதும். பெட்டியிலும் மரம் வைக்கவில்லை. ‘உடலுக்கான மரத்தை நீங்களே தேர்வு செய்யலாம்’ என்று அதையும் ஒரு சலுகைபோல அச்சடித்திருந்தார்கள்.

எங்களிடம் மரம் இருந்தது. பாப்பாரப்பட்டியில் தாத்தா வீட்டைப் பிரித்தபோது எடுத்துவந்த வேங்கை நிலைக்கால் ஒன்று பத்து வருடங்களாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பென்னாகரம் சாலையில் கதவு, ஜன்னல் செய்யும் தச்சரிடம் கொண்டுபோனேன். 32 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம் என்றேன். அவர் நிலைக்காலைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“எதற்கு டீச்சரம்மா?”

“வாத்தியம் செய்ய.”

“கிரீச்சிடுகிற கதவு நிறையப் பார்த்திருக்கிறேன். பாடுகிற கதவு பார்த்ததில்லை” என்றவர், கண்ணுக்குத் தெரிந்த ஆணிகளை எல்லாம் பொறுமையாகப் பிடுங்கிவிட்டு மின் இழைப்புளியை ஓட்டினார். மூன்றாவது இழைப்பில் ‘டணார்’ என்று ஒரு சத்தம், ஒரு பொறி. தலை முறிந்த பழைய ஆணி ஒன்று மரத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. பிளேடில் பல் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் 400 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். பழைய மரத்தில் செய்ய நினைப்பவர்கள் இழைப்பதற்கு முன் மேலே ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். அதற்காகக் கடைக்குப் போக வேண்டாம். பிக்அப்பின் வயிற்றில் இருப்பதே காந்தம்தான். என் கைப்பையிலேயே இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை.

ஆணி இருந்த இடம் துரு ஏறிக் கறுத்து, பிற்பாடு நான் கீறிய சுரக் கோடுகளில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மச்சம்போல நிற்கிறது. அடைக்கலாம் என்றார் தச்சர், நான் விடவில்லை. இழைத்து முடித்த பலகையை ஈரத்துணியால் துடைத்தபோது துணி தேநீர் நிறமானது, வேங்கையின் குணம் அது. எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிக்அப்புக்கான பள்ளத்தை உளியால் தோண்டி, மேலே அரக்கு பாலிஷ் இரண்டு கை கொடுத்து, மொத்தம் 1,200 ரூபாய் வாங்கினார். அடுத்து ஒன்று செய்தாலும் அவரிடமே போவேன்.

இனி பெட்டியின் பெரிய பாவத்துக்கு வருகிறேன்.

லாப் ஸ்டீலில் மேளங்கள் கிடையாது என்றாலும் மேளம் இருக்க வேண்டிய இடங்களில் கோடுகள் உண்டு. கட்டையை எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குச் சொல்வதற்கு. பெட்டியில் இரண்டு ஏ4 தாள்களில் அந்தக் கோடுகளை அச்சடித்துத் தந்திருந்தார்கள். ஒட்டிச் சேர்த்துப் பலகையில் பதிக்க வேண்டும். தந்தியைத் தாங்கும் இரு முனைகளான, பிருடைப் பக்கத்து மேருவுக்கும் மீட்டும் பக்கத்துக் குதிரைக்கும் நடுவே 22.5 இஞ்ச் என்று கையேட்டில் இருந்தபடி இரண்டையும் பொருத்தி, தாளையும் ஒட்டி, ஒரே ஒரு தந்தியைக் கட்டினேன். பன்னிரண்டாவது கோடு மேல் ஷட்ஜம். அந்தக் கோட்டுக்கு நேர்மேலே தந்தியைத் தொட்டும் தொடாமலும் விரலை வைத்து மீட்டினால் ஒலி மணிபோல எழ வேண்டும். எழவில்லை, ‘டப்’ என்றது. மறுபடியும் மீட்டினேன், மறுபடியும் ‘டப்’. விரலை மயிரிழை மயிரிழையாகக் குதிரைப் பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். சுண்டுவிரல் நகத்தின் அகலம் தாண்டியதும் மணி அடித்தது.

தையல் டேப்பை எடுத்து அளந்தேன். 22.5 இஞ்ச் என்றால் 571.5 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது கோடு சரிபாதியில், 285.75இல் விழ வேண்டும். தாளில் அது 277இல் இருந்தது. ஓரத்து வெள்ளை இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று அச்சுப்பொறி படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கியிருக்கிறது. அச்சடித்தவர் ஒரு ஸ்கேலை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. எட்டரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கோட்டை நம்பிக் கட்டையை வைத்தால் மேல் ஷட்ஜம் ஒரு சுரத்தானத்தின் பாதி இறங்கி ஒலிக்கும். புதிதாகக் கற்பவர் தன் காதையும் கையையும்தான் சந்தேகப்படுவார், தாளைச் சந்தேகப்பட மாட்டார். எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். காது பழகாத ஒரு பிள்ளை இந்தத் தாளை வைத்து ஆறு மாதம் பழகியிருந்தால், பிறகு அந்தக் காதைத் திருத்த இரண்டு வருடம் ஆகும்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாங்களே கணக்குப் போட்டோம். முழு நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் கோட்டின் தூரம்: 32.08 மில்லிமீட்டர். மிச்சமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது: 30.28. இப்படியே இருபத்துநான்கு வரை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கால்குலேட்டரைத் தட்ட, நான் கத்தி முனையால் மரத்தில் கீறினேன். வீணை மேளத்துக்காக வைத்திருந்த கறுப்பு மெழுகைக் கீறல்களில் தேய்த்து நிரப்பினேன். வேங்கையின் மேல் அது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

மேருவும் குதிரையும் அடுத்த வேடிக்கை. மேரு என்று பெட்டியில் இருந்தது நின்று வாசிக்கும் கிட்டாருக்கான பிளாஸ்டிக் துண்டு, நடுவில் மேடிட்டு ஓரங்களில் தாழ்ந்தது. விரலால் அழுத்துகிறவர்களுக்கு அந்த வளைவு சௌகரியம். நேரான இரும்புக் கட்டையை வைக்கிறவர்களுக்கோ நடுத் தந்திகள் மட்டும் பேசும், ஓரத் தந்திகள் ஊமை. தந்திகள் ஆறும் ஒரே மட்டத்தில், பலகையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும் என்பது இந்த வாத்தியத்தின் அரிச்சுவடி. குதிரையில் திருகாணிகள் இருந்ததால் ஏற்றி இறக்கிச் சமப்படுத்திவிட்டேன். மேருவைத் தூக்கி எறிந்துவிட்டு, அலுமினிய ஜன்னல் கடையில் மிச்சம் விழுந்திருந்த முக்கால் இஞ்ச் ஆங்கிள் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். காசு வாங்கவில்லை. சின்ன அரத்தால் ஆறு காடிகள் போட ஒரு மாலைப் பொழுது ஆனது.

கட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, அப்பா சொல்லிவிட்டார். பெட்டியிலிருந்து பளபளவென்று எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். “இது குழாய்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நிஜமாகவே குழாய்தான், இரண்டு பக்கமும் மூடி போட்டது, 60 கிராம். தன் எடையாலேயே தந்தியின் மேல் உட்காருவதுதான் நல்ல கட்டை. இதை நாம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அழுத்தினால் சுருதி ஏறுகிறது, விட்டால் தந்தி உதறுகிறது.

கிருஷ்ணகிரியில், பெங்களூர் சாலையில், மோட்டாருக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடையும் லேத் பட்டறை ஒன்று உண்டு. தம்பியின் கிணற்று மோட்டாருக்கு அங்கேதான் வேலை செய்வார்கள். ஜூன் மாதம், மாம்பழப் பருவம். ஊருக்குள் நுழையும் முன்பே மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன, பஸ் முழுவதும் பழ வாசனை. பட்டறையிலும் அந்தத் தொழிற்சாலை வேலைதான் குவிந்து கிடந்தது. 19 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, நீளம் 75, ஒரு முனை துப்பாக்கிக் குண்டுபோல உருண்டிருக்க வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுத்தேன்.

“எந்த மோட்டாருக்கும்மா?” என்றார் பட்டறைக்காரர்.

வாத்தியத்துக்கு என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சத்தம் வரக் கூடாது என்றுதான் எல்லாரும் ஷாஃப்ட் கடையச் சொல்வார்கள்.”

பத்து நாள் இழுத்தார், இரண்டு முறை போய்வந்தேன். அது ஒன்றுதான் குறை. வந்த பொருளைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். முனையின் உருட்டலில் எங்கேயும் விளிம்பு தட்டவில்லை. லேத் விட்ட வரிகள் மட்டும் நுண்ணியதாக இருந்தன; இழைக்கும்போது தந்தியில் ‘சர்ர்’ என்று உரசின. 400, 800, 2000 எண் நீர் உப்புத்தாள்களில் மாற்றி மாற்றி, தண்ணீர் தொட்டு, இரண்டு மதியங்கள் தேய்த்தேன். மளிகைக் கடைத் தராசில் 162 கிராம். கூலி 350 ரூபாய். மொத்தச் செலவில் ரூபாய்க்கு ரூபாய் மதிப்பு எதற்கு என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அப்பா இதையும் சுண்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

பிக்அப்பை நியாயமாகப் பாராட்டிவிட வேண்டும். நான்கு ரோட்டருகே கைப்பேசி பழுது பார்க்கும் பையன் மீட்டர் வைத்துப் பார்த்து 7.2 கிலோ ஓம் என்றான். இந்த வகைக்கு அது சரியான அளவு. கீழ்ச் சுருதியில் நிற்கும் மந்தரத் தந்தி கரகரக்காமல், மேல் சுருதியில் நிற்கும் சாரணி கிறீச்சிடாமல் ஒலிக்கிறது. ஆனால் இணைப்புப் படத்தில் ஒரு கம்பியையே விட்டுவிட்டார்கள். ஆம்ப்பைப் போட்டதும் ஊமென்று ஓர் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஐந்து கட்டை (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு) ஷட்ஜத்தைக் கீழே கீழே கொண்டுபோனால் 49இல் வந்து நிற்கும். அதாவது தருமபுரி மின்சாரம் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் ஏறின சுருதியில் விடாமல் தம்புரா போட்டது. நான் இரண்டு கட்டையில் சேர்த்து வைத்திருந்தேன், பொருந்துமா? பையன் குதிரைக்கு அடியிலிருந்து ஒரு செப்புக் கம்பியை வால்யூம் குமிழின் உலோக முதுகுக்கு இழுத்துப் பற்றவைத்தான்; பள்ளத்துக்குள் செப்புத் தகடும் ஒட்டினான். 200 ரூபாய். தந்தியில் கை பட்டதும் இரைச்சல் அடங்குகிறது. ஒற்றைச் சுருள் பிக்அப் என்பதால் முழுதாகப் போகாது. டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறேன்.

தந்திகளும் தவறானவை. முதல் தந்தி 0.010 இஞ்ச், இந்தக் குறைந்த நீளத்தில் அது பாவாடை நாடாபோலத் தொளதொளத்தது. பெங்களூரிலிருந்து 0.013இல் தொடங்கும் தடித்த எலெக்ட்ரிக் கிட்டார் தந்திகளை 900 ரூபாய்க்கு வரவழைத்தேன். அந்தக் கடையில் விசாரித்ததில், இதே மாதிரி பிக்அப்பும் பிருடைகளும் தனியாக வாங்கினால் பெட்டி விலையில் பாதிகூட ஆகாதாம். ஆக, எனக்கு எல்லாம் சேர்த்து 7,700 ரூபாய்.

சுருதி சேர்ப்பதற்குக் கையேடு சொன்னது சி, இ, ஜி, ஏ, சி, இ. நம் கணக்கில் ச க ப த ச க, ரிஷபத்தைத் தொலைத்த மோகனம். ஹவாய்ப் பாட்டுக்கு அது அழகு, எனக்கு உதவாது. இரண்டு கட்டையில் ச ப ச க ப ச என்று மாற்றினேன். அதிலும் அந்தக் காந்தாரத் தந்தி சும்மா இருக்காது. கல்யாணி வாசித்தால் கூடவே சிரிக்கிறது. தோடி எடுத்தால் அந்த ராகத்துக்குரிய, ஒரு படி தாழ்ந்த ‘சாதாரண காந்தாரத்துக்கு’ப் பக்கத்தில் ‘அந்தர காந்தாரமாக’ அதிர்ந்து மானத்தை வாங்குகிறது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு ஐந்து தந்தியில் வாசித்தேன். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வருகிறதா என்று கேட்பீர்கள். வருகிறது, வீணையில் தந்தியை இழுத்துப் பிடிக்கும் இடங்கள் இதில் வழுக்கலாக வருகின்றன. தோடியின் காந்தார அசைவுக்கு மணிக்கட்டு இன்னும் படியவில்லை. ஒவ்வொரு சுரமும் இரட்டித்து வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது சுரத்தின் தட்டு சுத்தமாக விழுவதில்லை. கோட்டுவாத்தியக்காரர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

விற்றவருக்குக் கோட்டுத் தாளைப் பற்றி எழுதினேன். ‘அச்சிடும்போது அளவைச் சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று பதில் வந்தது. அச்சிட்டு அனுப்பியதே நீங்கள்தானே ஐயா என்று திரும்பவும் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. நான்கு நாள் கழித்து ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு செய்தி வந்தது. பிக்அப்புக்காக இரண்டு கொடுத்தேன்.

அப்பா முதல் நாள் மடியில் வாங்கியபோது கை நடுங்கியது. கட்டையை வைத்ததும் அந்த நடுக்கம் அப்படியே தந்தியில் அசைவாக இறங்கியது. அரை நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்தி, காலியாக நின்ற பிருடையைத் தொட்டுக் காட்டினார். “காந்தாரம் எங்கே?”

கழற்றினேன் என்றேன். தோடியைப் பற்றியும் சொன்னேன்.

“உன் தோடிக்கு வீணை இருக்கிறது” என்றார்.

இப்போது அவர் வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுவதும் திங்களன்று நான் கழற்றுவதுமாக இருக்கிறது. பிருடைகள் இவ்வளவு முறுக்கலையும் தாங்குகின்றன. தந்திதான் கொக்கியருகே நெளிந்து, நூல் பிரியத் தொடங்கிவிட்டது. பெங்களூர் போகிற யாரிடமாவது ஒற்றைத் தந்தி இரண்டு வாங்கிவரச் சொல்ல வேண்டும்.